உயிர் தப்பிய பிள்ளைகளின் மூன்றாம் கட்டம்

படுகொலையிலிருந்து உயிர் தப்பிய ஒரு பிள்ளை பிற்காலத்தில் நிமிர்ந்து நிற்குமா, ஒடிந்துபோகுமா என்பதை எது தீர்மானிக்கிறது? அது பட்ட கொடுமையின் அளவா, கொடுமை முடிந்த பிறகு அதை வாங்கிக்கொண்ட கைகளா? இந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுதும் பொறுமையாகப் பதில் தேடியவர் ஹன்ஸ் கைல்சன் என்ற யூத மருத்துவர். 1909-இல் ஜெர்மனியில் பிறந்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு, 1936-இல் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். அந்த நாடும் ஜெர்மனியின் பிடியில் விழுந்தபோது, பொய்ப்பெயரில் தலைமறைவாக இருந்தபடியே, பிறர் வீடுகளில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த யூதப் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பார்த்து வந்தார். அவருடைய தாயும் தந்தையும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்ததும், அநாதையான பிள்ளைகளுக்கென்று ஓர் அமைப்பைப் பிறரோடு சேர்ந்து தொடங்கினார். அந்தப் பிள்ளைகளில் 204 பேரை, அவர்கள் வளர்ந்து ஆளான பிறகு மீண்டும் ஆராய்ந்து, 1979-இல் தம் ஆய்வை வெளியிட்டார். அப்போது அவருக்கு எழுபது வயது ஆகப்போகிறது.

ஒரு பிள்ளையின் துன்பத்தை அவர் மூன்று கட்டங்களாகப் பார்த்தார். ஊரில் பகை மூண்டு வீட்டுக்குள் அச்சம் நுழையும் காலம் முதற்கட்டம். தாய் தந்தையிடமிருந்து பிரிந்து, ஒளிந்தோ வதைமுகாமிலோ கிடக்கும் காலம் இரண்டாவது. போர் ஓய்ந்து, யாரிடம் வளர்வது, எங்கே படிப்பது, தன்னை யார் என்று சொல்லிக்கொள்வது என்ற கேள்விகள் எழும் காலம் மூன்றாவது. உலகம் வழக்கமாக இரண்டாவது கட்டத்தோடு கதையை முடித்துவிடும். கைல்சன் கண்டது வேறு. இரண்டாம் கட்டத்தில் மிகக் கொடுமையை அனுபவித்தும் மூன்றாம் கட்டத்தில் நல்ல ஆதரவு கிடைத்த பிள்ளைகள், இரண்டாம் கட்டத்தில் ஓரளவு தப்பி மூன்றாம் கட்டத்தில் கைவிடப்பட்டவர்களைவிட நலமாக இருந்தார்கள்.

கொங்கு நாட்டில் வாழ்பவர்களுக்கு இந்த முடிவு தொலைதூரச் செய்தி ஆகாது. 1983 முதல் இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழ்ப் பிள்ளைகளின் மூன்றாம் கட்டம் பவானிசாகரிலும் அறச்சலூரிலும் பூலுவப்பட்டியிலும் கோட்டூரிலும் ஆழியாற்றிலும் ராயனூரிலும் பரமத்தியிலும் நடந்தது, இன்னும் நடக்கிறது. யூதப் பிள்ளைகள் பட்டதையும் ஈழத்துப் பிள்ளைகள் பட்டதையும் எடைபோட்டுப் பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரு கண்டம் முழுக்கத் தொழிற்சாலை போல நடந்த கொலைக்கு இணை தேடுவது இரு தரப்பாருக்கும் செய்யும் அவமரியாதை. ஆனால் பிழைத்து வந்த பிள்ளையின் தேவை எங்கும் ஒன்றுதான். அந்தத் தேவையைப் பற்றி ஐரோப்பா எண்பது ஆண்டுகளில் கற்றதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும் என்பதே இங்கே என் நோக்கம்.

நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் குழந்தைகள். ஐரோப்பாவில் அவர்கள் கைக்கு எட்டிய யூதப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர்தான் மிஞ்சினார். வேலை வாங்க முடியாத வயது என்பதால் ஆஷ்விட்ஸில் ரயிலை விட்டு இறங்கிய சிறுவர்கள் பெரும்பாலும் நேராக நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். பிழைத்தவர்கள் பல வழிகளில் பிழைத்தார்கள். 1938 டிசம்பருக்கும் போர் தொடங்கிய 1939 செப்டம்பருக்கும் இடையே, தாய் தந்தையர் ரயிலேற்றிவிட்ட சுமார் பத்தாயிரம் பிள்ளைகள் பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் கன்னிமாடங்களிலும் பண்ணை வீடுகளிலும் வேறு பெயரில், வேறு மதத்தில் பலர் வளர்ந்தார்கள். சிலர் காட்டில் திரிந்தார்கள். மிகச் சிலர் முகாம்களுக்குள்ளேயே, மூத்த கைதிகளின் பாதுகாப்பில் உயிரைத் தக்கவைத்தார்கள். 1945 ஏப்ரல் 11 அன்று பூகன்வால்ட் முகாம் விடுபட்டபோது அங்கே தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் உயிரோடு இருந்தார்கள். பிற்காலத்தில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற எலி வீசலும், இஸ்ரேலின் தலைமை ரபியான இஸ்ரேல் மெயர் லாவும் அவர்களில் இருவர். வீசலுக்கு அப்போது 16 வயது; லாவுக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை.

விடுதலைக்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் நாம் கூடுதலாகத் தங்கிப் பார்க்க வேண்டும். பூகன்வால்ட் சிறுவர்களில் 426 பேரை யூதக் குழந்தைகள் நல அமைப்பு ஒன்று பிரான்சின் எகூயி என்ற ஊருக்கு அழைத்துச் சென்றது. வரவேற்கக் காத்திருந்தவர்கள் மெலிந்த, நன்றியுள்ள குழந்தைகளை எதிர்பார்த்தார்கள். வந்தவர்களோ மொட்டைத் தலையோடு, யாரையும் நம்பாத, கேட்டால் பதில் சொல்லாத, கோபம் வந்தால் பொருளை உடைக்கிற பையன்கள். வாசம் வீசிய பாலாடைக்கட்டியைக் கொடுத்தபோது விஷம் வைத்துவிட்டார்கள் என்று தூக்கி எறிந்தார்கள். இவர்கள் இனித் தேற மாட்டார்கள் என்று பொறுப்பிலிருந்தவர்களே முடிவு கட்டினார்கள். அந்தப் பையன்களில் ஒரு பகுதியினரின் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஜூடித் ஹெமென்டிங்கருக்கு அப்போது இருபது வயதைத் தாண்டி ஓரிரு ஆண்டுகள்தான். அவரும் யூதப் பெண், தந்தையைப் பறிகொடுத்தவர். பையன்களைத் திருத்த முயலாமல் அவர்கள் சொல்வதைக் கேட்டார். ஒரே ஊர்க்காரர்களை ஒரே அறையில் சேர்த்துத் தங்க விட்டார். அவர்கள் பாடிய பாட்டையும் கும்பிட்ட முறையையும் மதித்தார். பல்லாண்டு கழித்து அதே பையன்களைத் தேடிப் போனபோது, பெரும்பாலோர் குடும்பமும் தொழிலுமாக வேரூன்றி இருந்ததைப் பதிவு செய்தார்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் திட்டமிட்ட முயற்சி. 1945 ஆகஸ்டில் பிராக் நகரிலிருந்து குண்டுவீச்சு விமானங்களில் முந்நூறு பிள்ளைகளை ஏற்றிவந்து, விண்டர்மியர் ஏரிக்கரையில் விமானத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில் இறக்கினார்கள். பிரிட்டிஷ் அரசு ஆயிரம் பேருக்கு அனுமதி தந்திருந்தது. செலவை மட்டும் ஏற்க மறுத்துவிட்டது. அங்கிருந்த யூதர்கள் நிதி திரட்டினார்கள். ஆயிரம் பேருக்கு அனுமதி இருந்தும், அடுத்தடுத்து வந்தவர்களையும் சேர்த்து 732 பிள்ளைகளைத்தான் உயிரோடு கண்டுபிடிக்க முடிந்தது என்பதை வாசிக்கும்போது மனம் கனத்துப்போகிறது. முதல் நாள் உணவு மேசையில் ரொட்டி வைத்ததும் கண்மூடித் திறப்பதற்குள் அத்தனையும் மறைந்தது; சட்டைக்குள்ளும் தலையணைக்கு அடியிலும் பதுக்கினார்கள். ஊழியர்கள் கண்டிக்கவில்லை. அடுத்த வேளைக்கும் ரொட்டி வைத்தார்கள், அதற்கடுத்த வேளைக்கும் வைத்தார்கள். சில நாட்களில் பதுக்கல் தானாக நின்றது. இன்றைய உளவியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் சிகிச்சையின் அடிப்படை அந்த ரொட்டியில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நாளையும் சோறு உண்டு என்று பிள்ளைக்கு உறுதியாகத் தெரிய வேண்டும்.

இந்தப் பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டுக்குத் தத்துக் கொடுக்காமல் விடுதிகளில் கூட்டமாகவே வைத்திருந்தது முக்கியமான முடிவு. அந்தக் கூட்டமே அவர்களுக்குக் குடும்பமானது. 1963-இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போய், நொடித்தவரைத் தூக்கி நிறுத்தி, தொண்டுக்கும் பணம் திரட்டினார்கள். அதன் தலைவராக நெடுங்காலம் இருந்த பென் ஹெல்ப்காட் பதினைந்து வயதில் எலும்பும் தோலுமாக வந்தவர். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளில் பிரிட்டனின் பளுதூக்கும் அணிக்குத் தலைமை தாங்கினார்.

கூட்டத்தின் வலிமையை மிகச் சிறிய பிள்ளைகளிடம் கண்டு எழுதியவர் குழந்தை உளப்பகுப்பாய்வாளர் அன்னா பிராய்டு. தெரேசியன்ஷ்டாட் முகாமில் கைக்குழந்தையாக விடப்பட்டு, தாய் என்ற ஒருத்தியையே அறியாமல் வளர்ந்த ஆறு பிள்ளைகள், மூன்று நான்கு வயதில், 1945 அக்டோபரில் சசெக்ஸ் பகுதியிலுள்ள புல்டாக்ஸ் பேங்க் என்ற வீட்டுக்கு வந்தார்கள். பெரியவர்களைக் கடித்தார்கள், துப்பினார்கள், கொடுத்த பொம்மைகளை உடைத்தார்கள். ஆனால் தங்களுக்குள் ஒருவரை விட்டு ஒருவர் நகர மாட்டார்கள். ஒருவன் பின்தங்கினால் மற்ற ஐவரும் நின்றுவிடுவார்கள். சாப்பாட்டில் பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைத்ததா என்று பார்த்த பிறகே தம் தட்டில் கைவைப்பார்கள். உடன்பிறந்தோரிடமும் காணப்படும் பொறாமை அவர்களிடம் இல்லை. ஓராண்டுக்குள் ஆங்கிலம் பேசினார்கள், மெல்லப் பெரியவர்களையும் நம்பத் தொடங்கினார்கள். 1951-இல் சோஃபி டானோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, பெற்றோர் இல்லாத இடத்திலும் ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளை காப்பாற்ற முடியும் என்பதற்கு இன்றும் முதல் சான்று.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. நெதர்லாந்தில் சுமார் இரண்டாயிரம் யூத அநாதைகள் யாருக்குச் சொந்தம் என்று பல ஆண்டுகள் வழக்காடினார்கள். ஒளித்து வைத்துக் காத்த கிறிஸ்தவக் குடும்பத்திடமா, எஞ்சிய உறவினரிடமா? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது; நடுவில் பிள்ளை கிழிபட்டது. பிரான்சில் ஃபினாலி சகோதரர்கள் இருவரையும் காப்பாற்றிய பெண்மணியே அவர்களுக்கு ஞானஸ்நானம் செய்வித்து, திருப்பித் தர மறுத்தார். அவர்கள் எல்லை தாண்டி ஸ்பெயினுக்குக் கடத்தப்பட்டு, 1953-இல்தான் அத்தையிடம் சேர்ந்தார்கள். போலந்தில் சொந்த ஊருக்குத் திரும்பியவர்களுக்கு 1946 ஜூலையில் கியல்ட்சே நகரில் நடந்த கொலைகள் பதிலாகக் கிடைத்தன. இரண்டரை லட்சம் யூதர்கள் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலியில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் காத்துக் கிடந்தார்கள். அவற்றில் கடைசியான ஃபெரன்வால்ட் மூடப்பட்டது 1957-இல். போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள். ஐரோப்பா இன்றும் வெட்கத்தோடு நினைக்கும் தாமதம் அது.

இன்னொரு காயம், காது கொடுக்காமை. நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன நினைவிருக்கப் போகிறது என்று பெரியவர்கள் வாயடைத்தார்கள். போர்டோ நகரில் 1944 ஜனவரியில் யூதர்களைச் சுற்றி வளைத்து ஒரு ஜெபாலயத்தில் அடைத்தபோது, கழிப்பறைக் கூரையில் தொற்றிக்கொண்டு தப்பினான் ஆறு வயதுச் சிறுவன் போரிஸ் சிருல்னிக். பெற்றோர் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பின் அவன் அதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அவனும் பல பத்தாண்டுகள் சொல்வதை நிறுத்திக்கொண்டான். உளநல மருத்துவராகி, அடிபட்ட பிள்ளை மீளும் திறனைப் பற்றி உலகமே படிக்கும் நூல்களை எழுதியவர் அவர்தான். ஒளிந்து பிழைத்த பிள்ளைகள் உலகெங்குமிருந்து முதன்முதலாக நியூயார்க்கில் கூடியது 1991 மே மாதத்தில். வந்தவர்கள் சுமார் 1,600 பேர், பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருந்தவர்கள். குழந்தையாகத் துன்பப்பட்டோருக்கென்று ஜெர்மனி ஒப்புக்கொண்ட தனி நிதி நடைமுறைக்கு வந்தது 2015-இல். ஆளுக்கு ஒருமுறை 2,500 யூரோ. தொகையைவிட, அது வர எழுபது ஆண்டுகள் ஆனதுதான் உறுத்துகிறது.

இந்தியாவுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. போலந்திலிருந்து சோவியத் ஒன்றியம் வழியாக ஈரானுக்கு வந்து சேர்ந்த சுமார் 870 யூதப் பிள்ளைகளைத் தரைவழியே அனுப்ப ஈராக் மறுத்ததால், 1943 ஜனவரியில் கப்பலில் கராச்சிக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது அது நம் நாட்டுத் துறைமுகம். அங்கிருந்து சூயஸ் போய், பிப்ரவரியில் பாலஸ்தீனம் சேர்ந்தார்கள். அதே காலத்தில் நவாநகர் மன்னர் திக்விஜய்சிங், குஜராத் கடற்கரையிலுள்ள பாலாசடியில் நூற்றுக்கணக்கான போலந்துச் சிறுவர்களுக்கு வீடும் பள்ளியும் கட்டிக்கொடுத்தார். பெரும்பாலோர் கத்தோலிக்கர்; சில யூதப் பிள்ளைகளும் இருந்தார்கள். கோல்ஹாப்பூர் அருகே வலிவடேயில் 1943 முதல் 1948 வரை ஐயாயிரம் போலந்து அகதிகள் தங்கினார்கள். நாஜிகளிடமிருந்து தப்பி பம்பாய் வந்த யூதக் கலைஞர்களில் ஒருவரான வால்டர் காஃப்மன் அமைத்த மெட்டைத்தான் கோவை வானொலி நிலையம் காலையில் திறக்கும்போது நாம் கேட்டு வளர்ந்தோம்.

இலங்கையில் ஒரு வாழ்க்கை என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. 1923-இல் பெர்லினில் பிறந்த இல்ஸே என்ற யூதச் சிறுமி, 1938-இல் இருநூறு பிள்ளைகளோடு ஸ்காட்லாந்துக்குத் தப்பினாள். பின்பு ஷாங்காயில் பெற்றோரோடு சேர்ந்தாள். அங்கே ஜப்பானியர் முகாமில் தந்தை இறந்தார். அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றி, 1979-இல் இலங்கையில் அய்யா கேமா என்ற பெயரில் பௌத்தத் துறவியானார். 1984-இல் தொடந்துவைக்கு அருகே ஏரித்தீவில் பெண் துறவிகளுக்கு மடம் நிறுவினார். அதே ஆண்டுகளில் அதே நாட்டின் வடக்கிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் படகேறிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் புகலான தீவு இன்னொருவருக்குப் புகலிடம் தர முடியாமல் போனது வரலாற்றின் கொடுமை.

அந்தப் படகுகளில் வந்தவர்களின் கணக்கு அரசிடம் இருக்கிறது: 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நான்கு அலைகளாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் மேற்கு நாடுகளுக்குப் போனார்கள். 2021-இல் தமிழக அரசு வெளியிட்ட கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு 34,087 பேரும் இருந்தார்கள். ராமேசுவரம் மணல்திட்டில் இறங்கி, மண்டபத்தில் விசாரணை முடிந்து, பேருந்திலும் லாரியிலும் ஏற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மேற்கு மாவட்டங்களுக்கு வந்தார்கள். அணைக்கட்டு ஓரங்களிலும் ஊருக்கு வெளியிலும் பத்துக்குப் பத்து அடி அறைகள்.

கைல்சனின் அளவுகோலைக் கொண்டு இந்த மூன்றாம் கட்டத்தைப் பார்த்தால், நல்லது சில உண்டு. அதை முதலில் சொல்ல வேண்டும். இங்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தாயோடோ தந்தையோடோ பாட்டியோடோ வந்தார்கள். மொழி மாறவில்லை, சாமி மாறவில்லை. அவர்களுக்கெனத் தனிப் பள்ளி வைத்து ஒதுக்காமல், உள்ளூர் அரசுப் பள்ளியிலேயே சேர்த்தார்கள். அதே சீருடை, அதே பாடநூல், அதே சத்துணவு. பேச்சைக் கேட்டுச் சிரித்த வகுப்புத் தோழர்கள் கொஞ்ச நாளில் பழகிவிட்டார்கள். முகாம் பிள்ளையும் கோவைத் தமிழில் ‘ங்க’ சேர்க்கக் கற்றுக்கொண்டது. இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமுக்குள்ளிருந்தே படித்த இளைஞர்களைத் திரட்டி மாலை வகுப்பு நடத்தியது. எகூயியிலும் விண்டர்மியரிலும் கண்ட அதே வழி: அடிபட்ட கூட்டமே தன் பிள்ளைகளுக்கு ஆசிரியராக நின்றது.

யாழ்ப்பாணத்தின் உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் கோட்பாடாகவே வகுத்தார். போருக்குள் இருந்தபடியே பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்த அவர், நம் சமூகத்தில் காயம் ஒரு தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன, ஆகவே மருந்தும் அங்கே போக வேண்டும் என்றார். பள்ளி ஆசிரியர்களுக்கு உளநலப் பயிற்சி தருவதை வலியுறுத்தினார். சடங்கும் வழிபாடும் இறந்தவரை நினைப்பதும் சிகிச்சையின் பகுதி என்று ஏற்றார். ஆறு பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது என்று அன்னா பிராய்டு கண்டதும், ஊரைச் சேர்த்தே தேற்ற வேண்டும் என்று அவர் கண்டதும் ஒன்றையொன்று தொடும் இடம் எனக்கு இந்த ஆய்வு முழுவதிலும் மிக முக்கியமாகப் படுகிறது.

இனிக் குறைகள். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும், கொலையாளிகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத முகாம் மாணவர்களுக்கும் கல்லூரிக் கதவு அடைபட்டது. மேற்படிப்பில் தரப்பட்ட இடங்கள் நிறுத்தப்பட்டு, 1996-க்குப் பிறகே மீண்டும் கிடைத்தன. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய அந்த ஆண்டுகளின் பிள்ளைகள் பெயிண்ட் வாளியைத் தூக்கினார்கள். ஈரோட்டிலும் கோவையிலும் உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி வண்ணம் அடித்தவர்களில் எத்தனை பேர் பொறியாளராகியிருக்க வேண்டியவர்கள் என்று யோசித்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளும் விசைத்தறிக் கூடங்களும் பலருக்குச் சோறு போட்டன என்பதும் உண்மை. ஆனால் வருவாய் ஆய்வாளர் வந்து தலை எண்ணும் செக்கிங் நாளன்று குடும்பத்தில் எல்லோரும் முகாமில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்களோ என்ற பயம். வேலைக்காக வெளியூர் போனவர் ஓடி வருவார். நாளையும் சோறு உண்டு என்ற உறுதியை விண்டர்மியர் தந்தது. இங்கே அரிசி வந்தது, உறுதி வரவில்லை.

ஐரோப்பியக் கதைக்கும் நம் கதைக்கும் மிகப் பெரிய வேறுபாடு இங்கேதான். யூதப் பிள்ளைகளின் மூன்றாம் கட்டம், எவ்வளவு கோணலாக இருந்தாலும், ஒரு நாட்டின் குடியுரிமையில் போய் முடிந்தது. இரண்டே ஆண்டு தங்கலாம் என்ற நிபந்தனையோடு வந்த விண்டர்மியர் பிள்ளைகளில் பலர் பிரிட்டிஷ் குடிமக்களானார்கள். கனடா 1947 முதல் 1,123 யூத அநாதைகளை ஏற்றுத் தன் மக்களாக்கிக்கொண்டது. பின்னாளில் டொரண்டோவில் ஈழத்துப் பிள்ளைகளும் அப்படியே குடிமக்களானார்கள். அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கை ஐரோப்பா பட்ட பாட்டிலிருந்துதான் பிறந்தது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கவும் கூடாது. இதனால் பவானிசாகரில் பிறந்து, பவானிசாகரில் படித்து, பவானிசாகரிலேயே மணமுடித்த ஒருவர் இலங்கையைக் கண்ணால் பார்க்காமலே இலங்கை அகதியாக இருக்கிறார். மருத்துவக் கல்லூரியில் அரசு இடம் பெறக் குடியுரிமை வேண்டும். அரசு வேலைக்கும் வேண்டும். 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினரைச் சேர்த்தார்கள், இலங்கையைச் சேர்க்கவில்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், சட்டப்படி தமக்கு உரிமை இருந்தும், 2022-இல் உயர்நீதிமன்றம் போய்த்தான் பாஸ்போர்ட் பெற முடிந்தது. 2024 தேர்தலில் முதல் வாக்கைப் போட்டார்.

முகாம்களில் உள்ளவர்களில் மலையகத் தமிழரும் கணிசமானோர். அவர்களின் முன்னோரைத் தேயிலைக்காக இங்கிருந்துதான் கொண்டுபோனார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி முறையாகத் திரும்பியவர்களுக்காக அரசு நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டம் அமைத்து வேலை தந்தது. அதே மக்களின் உறவினர், கலவரத்துக்குத் தப்பி, படகில் வந்ததால் அயலார் ஆனார்கள். 2019-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவர்களின் கோரிக்கையைப் பரிவோடு ஆராயச் சொன்னது.

அண்மையில் மாற்றம் வந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய் திட்டம் அறிவித்து, பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தர முன்வந்தது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,500 ரூபாயானது. கல்லூரிக் கட்டணத்துக்கும் உதவி உண்டு. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களை, பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து ஒன்றிய அரசு 2025 செப்டம்பரில் விலக்கியது. சிறையச்சம் நீங்கியது, குடியுரிமை கிடைக்கவில்லை. வீடும் உதவித்தொகையும் பெரிய உதவிகள்தாம். ஆனால் கைல்சனின் 204 பேரிடமிருந்து நான் கற்றது, பிள்ளை கேட்பது கூரையை மட்டும் இல்லை என்பதே. நான் இங்கே இருக்கலாமா, யாராவது வந்து எழுப்பி அனுப்பிவிடுவார்களா என்ற கேள்விக்கு அது பதில் கேட்கிறது. ஃபெரன்வால்ட் பன்னிரண்டு ஆண்டுகளில் மூடப்பட்டது. பவானிசாகர்ப் பிள்ளையின் கேள்வி நாற்பது ஆண்டு தாண்டியும் திறந்தே கிடக்கிறது.

கோவைப் புத்தகத் திருவிழாவில் ஹிட்லரின் வாழ்க்கையைச் சொல்லும் நூல்கள் ஆண்டுதோறும் முன்வரிசையில் இருக்கின்றன, வாங்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவன் கொன்ற பிள்ளைகளில் ஆன் ஃபிராங்க் ஒருத்தியின் நாட்குறிப்பு தமிழில் கிடைக்கிறது; பிழைத்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லும் நூல்களைத் தேட வேண்டியிருக்கிறது. கைல்சன், ஹெமென்டிங்கர், சிருல்னிக் ஆகியோரைத் தமிழுக்குக் கொண்டுவருவது நம் ஆசிரியர்களுக்கும் முகாம்களில் வேலை செய்வோருக்கும் உடனே பயன்படும்.

அதோடு ஒரு வேலையும் காத்திருக்கிறது. 1990-இல் ஆறு வயதில் படகேறி வந்த பிள்ளைக்கு இப்போது நாற்பது கடந்துவிட்டது. அதன் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். பாரதியார் பல்கலைக்கழகமும், அவினாசிலிங்கம் பல்கலைக்கழகமும், சமூகப்பணித் துறை வைத்திருக்கும் கோவைக் கல்லூரிகளும் இந்த முகாம்களுக்குப் பேருந்து தூரத்தில்தான் இருக்கின்றன. வந்தபோது என்ன வயது, யாரோடு வந்தார்கள், கடலில் யாரை இழந்தார்கள், எந்த ஆசிரியர் பக்கத்தில் நின்றார், 1991-இல் எந்த வகுப்பில் இருந்தார்கள், செக்கிங் நாளில் எங்கே ஓடி வந்தார்கள், தம் பிள்ளைகளிடம் எதைச் சொன்னார்கள், எதை மறைத்தார்கள் என்று இருநூறு பேரிடம் உட்கார்ந்து கேட்க முடியும். கைல்சனும் இருநூறு பேரை ஆராய்ந்துதான் தம் முடிவுக்கு வந்தார். அப்படிக் கேட்பவர்கள் முகாமுக்குள் போக அரசின் அனுமதி வேண்டும். அதை எளிதாக்குவது அரசு இன்றே செய்யக்கூடியது.